குதிருக்குள் ஒளித்த நெல்

என் வீட்டில் இன்றைக்கு எவர்சில்வர் பாத்திரம் வைப்பதற்கென்றே தனியாக ஓர் அறை இருக்கிறது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டிய வீடு அது. மன்னார்குடி பக்கம் நெல் வியாபாரம் செய்கிற யாரையாவது நிறுத்தி என் மில்லுக்கு வழி கேட்டுப் பாருங்கள், கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். பட்டம் வாங்கிய பிள்ளைகள் என் மேஜைக்கு முன்னால் நின்றுதான் பேசுவார்கள். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, நானே சம்பாதித்தது. ஆனால் அந்த அறையில் இருக்கிற பாத்திரம் ஒன்றுகூட எனக்குக் கனவில் வந்ததில்லை. கண்ணை மூடினால் வருவதெல்லாம் அம்மாவின் அடுப்படிப் பானைகள்தான். அவற்றில் குறி போடாத பானை ஒன்றும் கிடையாது.

அரிசிப் பானையிலிருந்து அளந்து எடுத்ததும் அம்மா மிச்ச அரிசியைப் புறங்கையால் தடவிச் சமமாக்குவாள். அதன்மேல் விரலால் ஒரு கோடு இழுப்பாள். ஒரு நாள் பிறை மாதிரி இருக்கும், ஒரு நாள் பெருக்கல் குறி மாதிரி இருக்கும். இன்றைக்கு என்ன குறி என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். எண்ணெய்ப் புட்டியில் எண்ணெய் நிற்கிற மட்டத்துக்கு நூல் கட்டுவது எல்லா வீட்டிலும் உண்டு. அம்மா வேண்டுமென்றே மட்டத்துக்கு ஒரு விரல் கீழே கட்டுவாள். திருடுகிறவன் நூலைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று ஏமாறட்டும் என்பது அவள் கணக்கு. கருவாட்டுப் பானையின் வாயைத் துணியால் மூடி, இடது கையால் முடிச்சுப் போடுவாள். வலது கைக்காரன் அவிழ்த்துத் திரும்பக் கட்டினால் முடிச்சு மாறிப்போகும்.

யாருக்காக இவ்வளவு காவல் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எலி, பூனை, பக்கத்து வீடு, சர்க்கார், எல்லாம் ஒன்றுதான் அவளுக்கு. கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பாய் சைக்கிளில் அலுமினியக் குடங்களைக் கட்டிக்கொண்டு வருவார். அம்மா குடத்தில் தண்ணீரை நிரப்பி, வெயிலில் தூக்கிப் பிடித்து அடியைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"ஏன்த்தா, ஓட்டை இருந்தா நான் சொல்ல மாட்டேனா?" என்பார் பாய்.

"ஓட்டை குடத்துல இருக்கா, சொல்ற வாயில இருக்கான்னு பாக்கணும்ல."

பாய் சிரித்துவிட்டு விலையில் கொஞ்சம் குறைப்பார். அந்தக் குடத்தைத்தான் நாங்கள் வெகுகாலம் வைத்திருந்தோம். ஒழுகவே இல்லை. அதற்காக அம்மா அடுத்த குடத்தை நம்பி வாங்கினாள் என்று நினைக்காதீர்கள்.

இந்தச் சந்தேகம் எனக்குத் தாய்ப்பாலோடு வந்தது. காய்ந்த நெல் என்று சொல்லிக்கொண்டு மூட்டையை இறக்குவான் வியாபாரி. மெஷின் வைத்து ஈரம் பார்க்கிறார்கள் இப்போது. நான் நாலு நெல்லை வாயில் போட்டுக் கடிப்பேன். டக்கென்று ஒடியாவிட்டால் மூட்டையை ஏற்றிக்கொண்டு போ என்பேன். இன்று வரைக்கும் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. ஆனால் அம்மாவை ஒருமுறை கிட்டத்தட்ட ஏமாற்றிவிட்டார்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா குத்தகைக்காரர். வாய்க்காலுக்கு வடக்கே இருந்த நஞ்சையை அவருடைய அப்பா காலத்திலிருந்து நாங்கள்தான் உழுதோம். நிலம் பண்ணைக்குச் சொந்தம். பண்ணைக்கார ஐயா தஞ்சாவூரில் இருந்தார். அவரை நான் பார்த்ததில்லை. அவருக்குப் பதிலாகக் காரியக்காரர்தான் வருவார். குடை, வெற்றிலைப் பெட்டி, தோளில் மடித்த துண்டு. வாசலில் கிடந்த தென்னந்துண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, நல்லது கெட்டது விசாரித்துவிட்டு, கொல்லையில் காய்த்திருக்கும் முருங்கைக்காயோ அவரைக்காயோ கட்டிக்கொண்டு போவார். குத்தகை நெல்லுக்கு அவர் ரசீது தந்ததே கிடையாது. அப்பா கேட்டால், "நமக்குள்ள என்னப்பா ரசீது? உன் தகப்பனாரு கேட்டாரா?" என்பார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

கோட்டையில் ஆட்சி மாறிய காலம் அது. ரூபாய்க்குப் படி அரிசி என்று மேடை போட்டுப் பேசினார்கள். கறுப்பு சிவப்புத் துண்டு ஒரு பக்கம், செங்கொடி ஒரு பக்கம். கூலி நெல் கூட்டிக் கேட்டுக் கீழ்ப்பக்கத்து ஊர்களில் அறுப்பையே நிறுத்தினார்கள். உழுகிறவனை வெளியேற்ற முடியாதபடி சட்டம் வருகிறது என்று பேச்சு. சட்டம் வருவதற்குள் வெளியேற்றிவிட வேண்டும் என்று பண்ணைகளுக்கு அவசரம். டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள், வேறு துண்டுக்காரன் வந்தால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அம்மாவுக்கு அது புதிதாகவே தெரியவில்லை. அவள் எப்போதும் அப்படித்தானே இருந்தாள்.

அம்மா நிஜமாகப் பயந்தது லெவிக்கு. விளைந்த நெல்லில் இவ்வளவு சர்க்காருக்கு அளக்க வேண்டும் என்று அதிகாரிகள் ஜீப்பில் வருவார்கள். எங்களை மாதிரிச் சின்னக் குத்தகைக்காரனுக்கு அது உண்டா இல்லையா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. உண்டு என்றே வைத்துக்கொண்டு எல்லாரும் ஒளித்தார்கள். வந்தவர்கள் கையில் குத்தூசி இருக்கும். மூட்டையில் குத்துவார்கள், வைக்கோல்போரில் குத்துவார்கள். குத்தூசியின் பள்ளத்தில் நாலு நெல் வந்துவிட்டால் போச்சு.

எங்கள் வீட்டில் நெல் கொட்டும் மரப் பத்தாயம் கிடையாது. குதிர்தான் இருந்தது. சுட்ட மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சந்துகளில் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி, ஆள் உயரத்துக்கு நிற்கும். மேலே கொட்ட வேண்டும். அடியில் கைநுழைகிற அளவுக்கு ஒரு வாய். அதில் வைக்கோலும் பழந்துணியும் அடைத்திருக்கும். துணியை இழுத்தால் நெல் வரும், வேண்டியதை எடுத்துக்கொண்டு அடைத்துவிடலாம். லெவிக் காலத்தில் அம்மா குதிரில் முக்கால்வாசி நெல் போட்டு, அதன்மேல் பாயை வெட்டிப் பரப்பி, அதற்கு மேலே விளிம்பு வரைக்கும் பதரைக் கொட்டிவைப்பாள். மூடியைத் திறந்து கையை விட்டால் பதர்தான் வரும்.

"என்னம்மா, வெறும் பதரா இருக்கு?"

"எங்களுக்கு வெளைஞ்சதே அதுதானுங்க. பண்ணைக்கு நெல்லு, எங்களுக்குப் பதரு."

அடுப்பில் மைலோ மாவுக் கூழ் கொதித்துக்கொண்டிருக்கும். ரேஷனில் போட்ட வெளிநாட்டுச் சோள மாவு அது. பழுப்பாக, பசை மாதிரி இருக்கும், ஒரு வாடை வேறு. வந்தவர்கள் பார்ப்பதற்காகவே அந்தப் பானையை அம்மா இறக்காமல் வைத்திருப்பாள். வெள்ளைச் சோற்றுப் பானை எங்கே என்கிறீர்களா? கோழியை மூடுகிற பஞ்சாரத்துக்குள்ளே. பஞ்சாரத்தின் மேலே சாக்கு, சாக்கின் மேலே அடைகாக்கிற கோழி. கொத்தும் என்று எந்த அதிகாரியும் கிட்டே போக மாட்டார். அந்தச் சோற்றில் நீர் ஊற்றிவைத்து, காலையில் பழையதாகப் பிழிந்து போடுவாள். தணலில் சுட்ட நெத்திலிக் கருவாடு, இல்லாவிட்டால் மோர் மிளகாய். வாயைத் துடைக்காமல் வாசலுக்குப் போனால் முதுகில் விழும். உதட்டில் ஒரு பருக்கை இருந்தால் ஊருக்கே நாங்கள் சோறு தின்றது தெரிந்துவிடுமே. இப்போது எத்தனையோ ஓட்டல்களில் சாப்பிட்டுவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, கோழியைக் காவல் வைத்துத் தின்ற அந்தச் சோற்றின் ருசி எங்கும் இல்லை.

ஒரு தை மாதம் லெவிக்காரர்கள் நேராக எங்கள் வைக்கோல்போருக்கே போனார்கள். குதிர் பக்கம் திரும்பவே இல்லை. குத்தினார்கள், நெல் வந்தது. உள்ளே ஒளித்திருந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா அன்றைக்கு அழவில்லை. யார் சொன்னது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்று தெருவில் வந்த வெளியாள் ஒருத்திதான். கருவாட்டுக்காரி.

அவள் கடற்கரைக் குப்பத்துக்காரி. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடப்பவள். காசுக்கு விற்க மாட்டாள். வருஷம் பூராவும் அடுப்படிக்கு வந்து கருவாடு கொடுப்பாள். அறுப்பு முடிந்து போரடிக்கும்போது களத்துக்கு வந்து முறத்தை நீட்டுவாள். சாகுபடி செய்தவன் குவியலிலிருந்து தன் கையால் நெல்லை அள்ளிப் போடுவான். நாவிதர், வண்ணார், தச்சர் எல்லாருக்கும் அதே முறைதான். அளவு பேசுவது கிடையாது. அள்ளிப் போட்ட கையைப் பார்த்தால் அந்த வருஷ விளைச்சல் தெரிந்துவிடும்.

அதனால் எந்த வீட்டில் எவ்வளவு நெல் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கு அது போதாதா?

"இனிமே இந்தத் தெருப்பக்கம் வராதே. திங்கிறதும் எங்க நெல்லு, காட்டிக் குடுக்கறதும் எங்க நெல்லா?"

"நானா காட்டிக் குடுத்தேன்? என் கண்ணு அவிஞ்சு போவும்க்கா."

"ஒன் கண்ணு அவிஞ்சா எனக்கு மூட்டை திரும்பி வருமா? போ."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் கருவாட்டு வாசனையே இல்லை. சுண்டைக்காய் வற்றலைத் தின்று தின்று நாக்குச் செத்துப்போயிற்று.

பங்குனி வெயிலில் காரியக்காரர் வந்தார். அறுத்த நெல் தாளில் தெளித்த உளுந்து காய் பழுத்திருந்த சமயம். தென்னந்துண்டில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வாரத்துல ஆளு வர்றாங்க. போன தடவை மாதிரி இல்லை, இது புதுசா ஒரு லெவி. யாரு சாகுபடின்னு மொதல்ல கேப்பாங்க. நான்தான்னு சொன்னவன் தலையில கட்டிடுவாங்க. நீ என்ன பண்றே, 'பண்ணையில கூலி வேலை செய்யறேன்'னு சொல்லிடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"சரிங்கய்யா," என்றார் அப்பா.

"நெல்லு மட்டுமில்ல. ஏரு, கலப்பை, மாடு ஒண்ணும் கண்ணுல படக்கூடாது. மச்சான் வீட்டுக்கு ஓட்டி விட்டுடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வெற்றிலையைத் துப்பிவிட்டு, முருங்கைக்காய் பறித்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"நெல்லுக்கு வர்றவன் கலப்பையை ஏன் தேடுறான்?"

"ஜப்தின்னா எல்லாந்தான் எடுப்பான்."

"அண்டாவை எடுப்பான், ஆட்டை எடுப்பான். கலப்பையைக் கொண்டு போயி தாலுக்கா ஆபீசுல உழுவானா?"

"ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்லே? என்னைக் கட்டிக்கிட்டதுலயாவது உண்டா இல்லையா?"

"அது தனியா இருக்கு," என்றாள் அம்மா.

ஆனாலும் சொன்னபடி செய்தோம். அப்பா பொழுது விடியுமுன் உழவு மாட்டையும் கலப்பையையும் மாமா ஊரில் கொண்டுபோய் விட்டார். அம்மா குதிர்மேல் புதிதாகப் பதர் கொட்டினாள். ஏன் செய்தோம் என்று நான் பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஊரில் அம்மா சந்தேகப்படாத மனிதர் யாரும் இல்லை. காரியக்காரர் மட்டும் விதிவிலக்கு. மழை வெயில் மாதிரி அவர் வந்து போய்க்கொண்டே இருந்தார். மழையைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா?

இரண்டு நாள் கழித்து உச்சி வெயிலில் ஜீப் வந்து வாய்க்கால் மதகில் நின்றது. கூழ் அடுப்பில் ஏறியது. கோழி பஞ்சாரத்தில் ஏறியது. ரெவின்யூ ஆபீசர் ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே நடந்து வந்தார். கூடவே காரியக்காரர், குடையை அவர் தலைக்குமேல் பிடித்தபடி.

"யாருய்யா வீட்டுக்காரர்?"

"நான்தாங்க," என்று அப்பா துண்டை இடுப்பில் கட்டினார்.

"வாய்க்காலுக்கு வடக்கே இருக்கே, அந்த நஞ்சை யாரு சாகுபடி?"

"பண்ணைங்க. நாங்க கூலிங்க."

காரியக்காரர் முகத்தில் வெற்றிலைச் சிவப்போடு ஒரு சிரிப்பு. "நான் சொன்னேனே சார். பண்ணையே நேரா ஆளு வச்சுச் செய்யறாங்க. குத்தகைன்னு இந்த ஊர்ல எதுவும் கெடையாது."

ஆபீசர் மாட்டுக்கொட்டகையைப் பார்த்தார். காலியாக இருந்தது. தரையில் மட்டும் சாணி ஈரமாகக் கிடந்தது. பால் கறக்கிற பசு மேயப்போயிருந்தது. அதையும் ஒளிக்கத்தான் மேய்ச்சலுக்கு விட்டிருந்தோம், சாணியை மறந்துவிட்டோம்.

"மாடு இல்லைன்னா இது யாரு போட்டது?"

"மேய்ச்சல் மாடு சார். வரும், இருக்கும், போகும்," என்றார் காரியக்காரர்.

ஆபீசர் எழுதப் போனார். அந்த நேரத்தில்தான் தெருமுனையில், "கருவாடே..." என்ற குரல் கேட்டது. அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டிக்கொடுக்கிறவள் சரியாக அதிகாரி இருக்கும்போது வருகிறாள்! ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"இன்னிக்கு ஒண்ணும் வேணாம். போ."

"நான் விக்க வரலக்கா. ஒரு வார்த்தை."

"ஒன் வார்த்தையும் வேணாம்."

கருவாட்டுக்காரி அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கடலோரத்துக் குரல், அலையைத் தாண்டிக் கூப்பிட்டுப் பழகியது. "அண்ணே! லெவி இல்லண்ணே! குத்தகைக்காரங்க பேரை எழுதறாங்க! எழுதிட்டா வயலை விட்டுக் கெளப்ப முடியாது! ஒங்க சாகுபடின்னு சொல்லிடுங்கண்ணே!"

காரியக்காரர் குடையைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கி நடந்தார். "ஏ! மீன் விக்கிற கழுதைக்கு நெலத்தைப் பத்தி என்ன பேச்சு?"

"மீனுதான் விக்கிறேன். அதுவும் செத்த மீனு. ஒன்னை மாதிரி உசுரோட இருக்கறவனையா விக்கிறேன்?"

ஆபீசர் அப்பாவைப் பார்த்தார். "என்னய்யா? கூலின்னு சொன்னீங்க. இப்ப என்ன சொல்றீங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பேசுகிற வாய் அப்பாவுடையது, முடிவு அம்மாவுடையது. நான் வாசல்படியில் நின்றுகொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். இன்றைக்குக் கோடி ரூபாய் பேரம் பேசுகிறபோதும் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வரும். இது லெவி என்றால், உண்மையைச் சொன்னால் வருஷத்துச் சோறு போய்விடும். லெவி இல்லை என்றால், பொய்யைச் சொன்னால் வயலே போய்விடும். ஒரு பக்கம் காலம் காலமாக வருகிற காரியக்காரர். ஒரு பக்கம் காட்டிக்கொடுத்தவள் என்று அவளே விரட்டிவிட்ட ஒருத்தி. யாரையாவது ஒருவரை நம்பித்தான் ஆக வேண்டும். அம்மாவுக்கு அது பழக்கமில்லாத வேலை.

அவள் ஆபீசரின் கையைப் பார்த்தாள். குத்தூசி இல்லை. காலைப் பார்த்தாள். குதிர் இருக்கிற பக்கம் ஓர் அடிகூட வைக்கவில்லை. நெல்லுக்கு வந்தவன் குதிர் பக்கம்தான் முதலில் பார்ப்பான். இந்த மனிதரின் கண்ணோ மாட்டுக்கொட்டகையை விட்டு நகரவில்லை. கலப்பை சாத்திவைக்கிற மூலையைத்தான் தேடியது.

"கலப்பைக்குத்தான் வந்திருக்காரு," என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

விறுவிறுவென்று உள்ளே போனாள். குனிந்து, குதிரின் வாயில் அடைத்திருந்த துணியைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சமாக அல்ல, மொத்தமாக. நெல் சரசரவென்று கொட்டியது. அவள் பாதத்தை மூடி, கணுக்காலை மூடி, நடையைத் தாண்டி வாசலுக்கு வந்தது. மேலே இருந்த பதர் உள்ளே இறங்கிப் புகை மாதிரி தூசி கிளம்பியது. கோழி பயந்து கத்திக்கொண்டு பறந்தது. பஞ்சாரம் உருண்டு, வெள்ளைச் சோற்றுப் பானையும் வெளியே தெரிந்தது.

"என் சாகுபடிதாங்க," என்றார் அப்பா, அந்தச் சத்தத்துக்கு மேலே. "எங்கப்பன் காலத்துலேர்ந்து என் சாகுபடி."

ஆபீசர் நெல்லைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், கொதிக்கிற கூழையும் பார்த்தார். "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேங்கிற கதையால்ல இருக்கு!" என்றார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டார். "சரிம்மா, நெல்லு இருக்கு. கூலியா வாங்கின நெல்லுன்னு இவரு சொல்லுவாரே. நான் என்ன எழுதறது?"

"சொல்லத்தான் சொல்லுவேன். கூலிதான் சார் அது," என்றார் காரியக்காரர்.

கருவாட்டுக்காரி கூடையை இறக்கிவைத்தாள். "ஐயா, நான் களத்துல முறம் நீட்டி நெல்லு வாங்கறவ. கூலிக்காரன் குவியல்ல கை வைக்க முடியுங்களா? சாகுபடிக்காரன்தான் அள்ளிப் போடணும். வடக்கு வயக்காட்டுக் களத்துல எனக்கு வருசா வருசம் அள்ளிப் போட்டது இந்த அண்ணன் கை. ஊர்ல வண்ணாரைக் கேளுங்க, நாவிதரைக் கேளுங்க. எல்லாருக்கும் இதே கைதான்."

ஆபீசர் காரியக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க களத்துல அள்ளிப் போட்டதுண்டா?"

அவர் பதில் சொல்லுவதற்குள் அவளே சொன்னாள். "இவரு அள்ளிக்கிட்டுப் போயிதான் பாத்திருக்கேன். போட்டுப் பாத்ததில்லைங்க."

அதற்குள் தெருவே கூடிவிட்டது. வண்ணாரும் வந்து நின்றார். "ஆமாங்க, இந்தக் கைதாங்க," என்றார். ஆபீசர் முதலில் எழுதியதை அடித்துவிட்டு அப்பாவின் பெயரை எழுதி, பெருவிரலில் மை தடவி வைக்கச் சொன்னார். காரியக்காரர் குடையை மடக்கினார். "நல்லா இருங்க. இனிமே என்னைத் தேடிக்கிட்டு வராதீங்க," என்று சொல்லிவிட்டு வெயிலிலேயே நடந்தார். அந்தத் தை மாதம் வைக்கோல்போரைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அன்றைக்குத்தான் அம்மாவுக்குப் பிடிபட்டது. அறுப்பு முடிந்து போர் போட்ட அன்றைக்குப் பூராவும் அவர் தென்னந்துண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

நடையில் கிடந்த நெல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு, அம்மா கருவாட்டுக்காரிக்கு இலை போட்டாள். கதவைச் சாத்தாமல், வெள்ளைச் சோறு. அவள் இரண்டு வாய் தின்றிருப்பாள். அம்மா கேட்டாள், "லெவி இல்லேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"இதுலயுமா சந்தேகம்?"

"கேட்டு வச்சுக்கறேன்."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "ஆத்துக்கு அக்கரையில ஒரு வீடுக்கா. காலையில அங்க எழுதினாங்க. அந்த ஆளும் அண்ணன் மாதிரியே கூலின்னு சொன்னாரு. பக்கத்துல அந்தப் பண்ணை ஆளு நின்னுக்கிட்டுச் சிரிச்சான். நான் ஜீப் டிரைவர்கிட்ட விசாரிச்சேன், குத்தகைப் பதிவுன்னான். அப்பவே போயிச் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டுலயும் என்னைக் காட்டிக் குடுக்கறவன்னு வெரட்டுனவங்கதான். நமக்கென்னன்னு வந்துட்டேன். ஆத்து மணல்ல நடக்க நடக்கக் கூடை கனத்துப்போச்சு. ஒன் வீட்டுலயாவது சொல்லிடுவோம்னுதான் வந்தேன்."

அம்மா கையைக் கழுவினாள். "எந்த வீடு, காட்டு," என்றாள்.

பங்குனி மாதத்து ஆறு, தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. மணல் காலைப் பொசுக்கியது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். அந்த வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து உளுந்துச் செடியை அடித்துக்கொண்டிருந்தார். அம்மா மூச்சிரைக்கச் சொன்னாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கெஞ்சினாள். ஜீப் இன்னும் மதகில்தான் நிற்கிறது, இப்போதே போய்ச் சொல்லுங்கள், அந்த ஆபீசர் நல்லவர், எழுதினதை அடித்துவிட்டு எழுதுவார் என்றாள்.

அவர் கையிலிருந்த கோலைக் கீழே வைக்கவில்லை. "நீங்க யாரு அனுப்பி வர்றீங்க?"

"யாரும் அனுப்பல."

"யாரும் அனுப்பாம ஒரு பொம்பளை இந்த வெயில்ல ஆத்தைத் தாண்டி வருவாளா? எங்க வீட்டுல நெல்லு இருக்கா இல்லையான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்களா?"

"என் புள்ளை மேல சத்தியமா..."

"நல்லது சொல்ல வர்றவ இந்தக் கருவாட்டுக்காரியைக் கூட்டிக்கிட்டா வருவா?" என்று எழுந்தார். உள்ளே அடுப்பில் மைலோக் கூழ் வாடை வந்தது. கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். அம்மா தட்டினாள். கருவாட்டுக்காரியும் தட்டினாள். கதவு திறக்கவில்லை. சற்று நேரத்தில் மதகுப் பக்கம் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.

திரும்பும்போது நடு ஆற்றில் அம்மா நின்றாள். கருவாட்டுக்காரி அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தாள், மூளை கெட்டவன் என்று.

"அவரை ஒண்ணும் சொல்லாதே," என்றாள் அம்மா. "நானா இருந்தாலும் இப்படித்தான் கதவைச் சாத்தியிருப்பேன்."

அடுத்த குறுவைக்கு அந்த வயலில் பண்ணையின் டிராக்டர் ஓடியது. அந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு திருப்பூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆற்றில் அப்போது தண்ணீர் வந்திருந்தது. அம்மா கரையில் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்றுக்கு நேரமாகிறது என்று அப்பா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.